உச்சி வெயிலில் சுடாத கார்

முப்பது வருடத்துக்கு மேல் பழைய கார்களின் தகட்டு வேலை செய்து பிழைத்தவன் நான். துருவை மூடி, மேலே பெயிண்ட் அடித்து விற்ற கார்களை வாங்கி ஏமாந்தவர்கள் என் முன்னால் நின்று புலம்பும்போதெல்லாம், "வாங்குறதுக்கு முன்னாடி ஒரு தடவை குனிஞ்சு பார்த்திருக்கக் கூடாதா?" என்று கேட்டிருக்கிறேன். கேட்ட குரலில் கொஞ்சம் திமிரும் இருந்திருக்கும். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மறு வருடம் நானே ஒரு பழைய கார் வாங்கினேன். குனிந்து பார்க்கவில்லை.

காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். பார்க்கப் போனது பொழுது சாயும் நேரம். கார் கறுப்பு. அதன் பக்கவாட்டில் என் முகம் தெரிந்தது. வீட்டுக் கண்ணாடியில் தெரிவதைவிட இளமையாகத் தெரிந்தது. அதற்குமேல் பரிசோதனை எதற்கு என்று தோன்றிவிட்டது. ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு அதில்தான் போவது என்று முடிவாயிற்று. என் மனைவி பிலோமினா நல்ல புடவை கட்டிக்கொண்டு பின்பக்கம் ஏறிக் காலை ஊன்றினாள். கால் காரின் தரையைக் கடந்து சேலத்து அஸ்தம்பட்டி மண்ணில் போய் நின்றது. அவள் கத்தவில்லை. குனிந்து தன் காலைப் பார்த்துவிட்டு, "இதுல உட்கார்ந்துக்கிட்டே நடக்கணுமா, இல்ல எறங்கி நடக்கலாமா?" என்று மட்டும் கேட்டாள்.

பூசை முடிவதற்குள் செய்தி ஊருக்குத் தெரிந்துவிட்டது. என்னிடம் வேலை பார்த்து, இப்போது சொந்தமாகப் பட்டறை வைத்திருப்பவர்கள் ஒவ்வொருவராகத் துக்கம் விசாரிக்க வந்தார்கள். வாயை மூடிக்கொண்டு சிரிக்கும் கலையை அவர்களுக்கு நான் கற்றுக்கொடுத்ததில்லை, தாங்களாகவே கற்றிருக்கிறார்கள். அதில் ஒருவர் என்னைத் தேற்றுவதாக நினைத்துச் சொன்னார்: "விடுங்கண்ணே. நடுவுல எவனோ கைவச்சுக் கெடுத்திருக்கான். அந்தக் காலத்து வேலையா இருந்தா இப்படி ஆகுமா? அந்தக் காலத்து ஆளுங்க நேர்மையா வேலை செஞ்சாங்க."

அந்தக் காலத்து ஆட்களில் நானும் ஒருவன் என்பதால் நான் பெருமைப்பட்டிருக்கலாம். எனக்கு வந்தது கோபம். இப்போது பணமுள்ளவர்கள் பழைய கார்களைத் தேடிப் பிடித்து, துடைத்து, ஊர்வலம் விடுகிறார்கள். போகிற இடமெல்லாம் இதே பேச்சு: அந்தக் கால இரும்பு, அந்தக் கால வேலை, அந்தக் கால மனிதன். அந்தக் காலத்துக் கார்களின் வயிற்றைத் திறந்து பார்த்தவன் நான். உள்ளே நேர்மையைப் பார்த்ததாக ஞாபகம் இல்லை. கோணிச் சாக்கைத்தான் பார்த்தேன்.

ஆகவே எழுதுகிறேன்.

நான் வேலைக்கு வந்த கதை சுருக்கமானது. பள்ளி இறுதி வகுப்பில் கணக்கு என்னைக் கைவிட்டது. அதற்குள் பங்குச் சாமியாரின் அலமாரியில் இருந்த புத்தகங்களை எல்லாம் படித்து முடித்திருந்தேன்; அதில் ஒன்றுகூடக் கணக்குப் புத்தகம் இல்லை. அப்பா என்னை ஏற்காடு சாலையில் இருந்த ஒரு கார் பட்டறையில் கொண்டுபோய் விட்டார். முதல் வருடம் துரு சுரண்டினேன். இரண்டாம் வருடமும் துரு சுரண்டினேன், ஆனால் அப்போது அதற்குச் சம்பளம் உண்டு. பிறகு சுத்தியல், பிறகு கேஸ் வெல்டிங். ஐம்பதுகளின் நடுவில் நான் முழு டிங்கர் ஆகிவிட்டேன். டிங்கர் என்றால் தகட்டை அடித்து நிமிர்த்துகிறவன். நசுங்கியதை நிமிர்த்துவது சுலபம். இற்றுப்போனதை நிமிர்த்த முடியாது. வெட்டி எறிந்துவிட்டுப் புதிதாகச் செய்து வைக்க வேண்டும். இந்த ஒரு வரிதான் எங்கள் தொழில். இந்த ஒரு வரியைத்தான் யாரும் கடைப்பிடிப்பதில்லை.

அந்த வருடங்களில் ஏற்காட்டுக் காப்பித் தோட்டத்துத் துரைமார்கள் மூட்டை கட்டிக்கொண்டிருந்தார்கள். போகும்போது கார்களை விற்றுவிட்டுப் போனார்கள். யுத்தத்துக்கு முந்தைய சீமைக் கார்கள்; நீண்ட மூக்கும் பெரிய கண்ணுமாக, பார்த்தால் மரியாதை வரும். மலைமேல் வருடம் முழுக்க மழையிலும் பனியிலும் கிடந்தவை. கொண்டப்பநாயக்கன்பட்டியில் மலைப்பாதை முடிந்து சமவெளிக்கு இறங்கும்போதே பிரேக் கருகிய வாசனையோடு இறங்கும். தரகர்கள் அவற்றை எங்கோ கொண்டுபோய், சில வாரத்தில் புத்தம் புதிதாகத் திரும்பக் கொண்டுவருவார்கள். ராசிபுரத்திலும் நாமக்கல்லிலும் தோட்டம் துரவு உள்ளவர்கள் வாங்குவார்கள். வாங்கிய முதல் ஐப்பசி மழையில் கார் எங்கள் பட்டறைக்கு வரும்.

எங்கள் ஃபோர்மேன் பெயர் அர்த்தநாரி. திருச்செங்கோட்டுக்காரர். ஒல்லி, மூக்குக் கண்ணாடி, காக்கி அரை டிராயர். ஒருநாளும் குரலை உயர்த்த மாட்டார். கோபம் வந்தால் மரியாதை கூடும்; அதுதான் அடையாளம். சாதாரண நேரத்தில் என்னை "நீ, வாடா" என்பார். "வாங்க சூசை" என்று அவர் கூப்பிட்டால் கையிலிருக்கும் சுத்தியலைக் கீழே வைத்துவிடுவேன். அன்றைக்கு எங்கோ தப்பு செய்திருக்கிறேன் என்று அர்த்தம்.

கார் சோதிப்பதில் அவருக்கென்று ஒரு முறை இருந்தது. கார்க்காரர் சொல்லும் வரலாற்றைக் காதில் வாங்கமாட்டார். காலையில் தானே வெறும் தண்ணீர் ஊற்றிக் கழுவுவார். துடைக்கவும் மாட்டார், துடைக்க விடவும் மாட்டார். காரை நிழல் இல்லாத முற்றத்தில் நிறுத்திவிட்டு வேறு வேலைக்குப் போய்விடுவார். உச்சி வேளையில் வருவார். சேலத்து உச்சி வெயிலைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. புறங்கையை மூக்கிலிருந்து வால்வரை காரின் மேல் வைத்துக்கொண்டே நடப்பார். வைப்பார், ஸ் என்று இழுப்பார், அடுத்த இடம். நல்ல தகடு சுடும். எங்கே அவர் கை பதறாமல் அப்படியே நிற்கிறதோ, அங்கே சாக்பீஸால் ஒரு வட்டம். இரும்பு வெயிலை உடனே வாங்கிக் கையில் கொடுத்துவிடும். அதன்மேல் விரல் பருமனுக்கு லப்பம் பூசியிருந்தால் அந்த இடம் மட்டும் மந்தமாக இருக்கும். லப்பம் என்பது பள்ளத்தை நிரவும் பசை. மெல்லிசாகப் பூசினால் மருந்து. அள்ளி அப்பினால் அது பொய்.

வட்டம் போட்ட இடத்தில் கோணி ஊசியை வைத்து அழுத்துவார். ஊசி உள்ளே போனால் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்துக்கொள்வார். பிறகு காரிடம் பேசுவார். எங்களிடம் அல்ல, காரிடம்.

"ஆருங்க சாமி உங்களை இப்படிப் பண்ணுனது?"

சனங்கள் செய்த பாவத்தைச் சொல்லப் பாவசங்கீர்த்தனம் கேட்கும் சாமியார்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். இவ்வளவு பொறுமையாக ஒருவரும் கேட்டதில்லை.

ஒரு டாக்டரின் காரில் இடது கதவின் அடிப்பகுதி முழுக்கப் பத்திரிகைக் காகிதம் திணித்திருந்தது. படிக்கிற புத்தி யாரை விட்டது? ஒவ்வொன்றாகப் பிரித்துப் படித்தேன். ஒரு தொடர்கதை. கதாநாயகி கிணற்று மேட்டில் நிற்கும்போது 'தொடரும்' என்று போட்டிருந்தது. அவசரமாக வலது கதவைத் திறந்தேன். அதில் இங்கிலீஷ் பத்திரிகை. இன்னொரு காரில் டிரைவர் காலடியில் இருந்த தரையே மண்ணெண்ணெய் டின்னை வெட்டி விரித்தது; எழுத்துகள் தலைகீழாகத் தெரிந்தன. அந்த டின்மேல் கால் வைத்துத்தான் ஒரு மனிதர் குடும்பத்தோடு பழனிக்குப் போய் வந்திருக்கிறார். நன்றாகத் தரிசனம் ஆயிற்று என்று வேறு சொன்னார்.

சிரிக்கத்தான் செய்தோம். சிரிப்பு நின்ற ஒரு கார் உண்டு.

அறுபதுகளின் தொடக்கம். நாமகிரிப்பேட்டைப் பண்ணையக்காரர் பழனியப்பனின் கார் வந்தது. கரும்பச்சை. அதைப்போல ஒரு பெயிண்ட் வேலையை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. பின் கதவைக் கயிற்றால் கட்டி, டிரைவர் மாணிக்கம் தனியாக ஓட்டி வந்தான். பண்ணையக்காரர் அதில் ஏறவில்லை. மைத்துனர் காரில் பின்னாலேயே வந்து இறங்கினார்.

நடந்தது இதுதான். முந்தின வாரம் குடும்பத்தோடு ஏற்காடு போயிருக்கிறார்கள். இறங்கும்போது ஒரு வளைவில் பின் கதவு திறந்து, கதவோரம் உட்கார்ந்திருந்த பண்ணையக்காரரின் அக்கா பாவாயம்மா வெளியே விழுந்துவிட்டார். அந்தக் கார்களில் பின் கதவின் கீல் பின்பக்கம் இருக்கும். ஓடும்போது விரல் அளவு திறந்தாலும் போதும், காற்று பிடுங்கி விரியத் திறந்துவிடும். வண்டி மெதுவாகப் போனதால் அந்த அம்மாளுக்கு உயிர் மிஞ்சியது. தொடை எலும்பு முறிந்து, கட்டுப்போடும் வைத்தியர் வீட்டில் கிடந்தார்.

"கதவைச் சரியாச் சாத்தாமயே எடுத்துப்போட்டானுங்க," என்றார் பண்ணையக்காரர். மாணிக்கத்தின் லைசென்ஸ் அவர் சட்டைப் பையில் துருத்திக்கொண்டிருந்தது. "பூட்டை மாத்திக் குடுங்க. வண்டிய எடுத்துக்கிட்டு நேரா போலீஸ் ஸ்டேஷனுக்குத்தான் போறேன். இவன் இனி ஸ்டீரிங்கத் தொடக்கூடாது. ஆனா ஒண்ணுங்க, பெயிண்ட்டுல ஒரு கீறல் உழுகக் கூடாது. போன தையில பையன் கல்யாணத்துக்கு அடிச்சது."

அவர் போன பிறகு மாணிக்கம் ஃபோர்மேன் பக்கத்தில் வந்து நின்றான். முப்பது வயது இருக்கும்.

"சாத்திப்போட்டு இழுத்துப் பார்த்தனுங்க. அந்தக் கதவு கொஞ்சம் கொணமத்ததுன்னு எனக்குத் தெரியும்ங்க. அதனால எப்பவும் இழுத்துப் பாத்துட்டுத்தான் எடுக்கறது."

"சொன்னியா அவருகிட்ட?"

"சொன்னனுங்க. பொய் சொல்றேங்கறாரு. லைசென்ஸு போச்சுன்னா எனக்கு வேற தொழில் தெரியாதுங்க. மாடு ஓட்டக்கூடத் தெரியாது."

அர்த்தநாரி பூட்டைப் பார்த்தார். திறந்தார், சாத்தினார், மறுபடியும் திறந்தார். "பூட்டு நல்லாத்தான் இருக்குது," என்றார். மறுநாள் காலையில் காரைக் கழுவி முற்றத்தில் நிறுத்தினார்.

உச்சி வேளையில் புறங்கையை வைத்துக்கொண்டு நடந்தார். மட்கார்டு, ஸ். முன் கதவு, ஸ். இரண்டு கதவுகளுக்கும் நடுவில் நிற்கும் தூணின் மேல்பக்கம், ஸ். தூணின் கீழ்ப்பக்கம் வந்ததும் கை நின்றுவிட்டது. பந்தல் காலில் சாய்ந்து நிற்பவரைப்போல அவர் சாவகாசமாக நின்றார். அந்தத் தூணில்தான் பின் கதவின் நாக்கு போய் மாட்டும். கதவைப் பிடித்துக்கொண்டிருப்பது பூட்டு என்று எல்லோரும் நினைக்கிறார்கள். பூட்டைப் பிடித்துக்கொண்டிருப்பது தூண்.

கோணி ஊசி காதுவரை உள்ளே போயிற்று.

"ஐயோ, பெயிண்ட்டுங்க," என்றான் மாணிக்கம். தன் பிழைப்பே அந்த ஓட்டைக்குள் இருக்கிறது என்று அப்போது அவனுக்குத் தெரியாது.

சத்தம் கேட்டு முதலாளி வந்தார். எங்கள் முதலாளி கெட்டவர் அல்ல. வாடிக்கை போய்விடுமோ என்ற கவலை மட்டும் அவருக்கு எப்போதும் உண்டு. வட்டத்தையும் ஊசியையும் பார்த்தார். "பூட்டுதானே மாத்தச் சொன்னாரு? இதை எதுக்குத் தோண்டறீங்க? அந்த எடத்துல கொஞ்சம் லப்பம் வச்சு, டச் அப் பண்ணி அனுப்புங்க. நாம செஞ்ச வேலையா இது?"

அர்த்தநாரி கண்ணாடியைக் கழற்றிப் பையில் வைத்தார்.

"நான் மூட மாட்டனுங்க முதலாளி. நீங்க மூடறதுன்னா லப்ப டப்பா அங்க இருக்குதுங்க. கரண்டியும் அதுலயே இருக்குது."

முதலாளி லப்ப டப்பாவைப் பார்த்தார். பிறகு ஏதோ ஞாபகம் வந்ததுபோல ஆபீஸுக்குள் போய்விட்டார்.

உளியை வைத்துத் தட்டினோம். கரும்பச்சைப் பெயிண்ட் ஓடு ஓடாக விழுந்தது. அதன் கீழே லப்பம், வழவழவென்று கல்யாண அப்பளம்போல. அதன் கீழே டின் தகடு, ஆணியடித்து நிறுத்தியது. தகட்டை நெம்பி எடுத்தோம். தூணின் அடிப்பாகம் இல்லை. துரு தின்று தீர்த்திருந்தது. இருக்க வேண்டிய இடத்தில் கோணிச்சாக்குச் சுருளும், கல்லைப்போல இறுகிய ஒரு பழுப்புக் கலவையும் இருந்தன. ஊசி போன ஓரத்தில் டின் துருவேறிப் பொத்துப்போய், ஈரம் கண்டு கலவை குழைந்திருந்தது. அர்த்தநாரி கொஞ்சம் கிள்ளி முகர்ந்தார்.

"திப்பி," என்றார்.

சேலத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டாம். மற்றவர்களுக்காக: குச்சிக்கிழங்கை அரைத்து ஜவ்வரிசி ஆலையில் மாவை எடுத்த பிறகு மிஞ்சும் சக்கை திப்பி. மாட்டுக்குப் போடுவார்கள். அதோடு சுண்ணாம்பு இருந்தது. இன்னொன்றும் இருந்தது, என்னவென்று பிடிபடவில்லை. நான் நாக்கில் வைத்துப் பார்த்தேன். இனித்தது.

"வெல்லப்பாகு," என்றேன்.

சுவர் கட்டுகிறவன் சுண்ணாம்புக் காரைக்கு வெல்லத் தண்ணீர் விடுவதுண்டு. நன்றாகப் பிடிக்கும். சுவர் மலை இறங்காது. சுவருக்குள் ஆள் ஏற்றி வளைவில் திருப்ப மாட்டார்கள். மேல்பாதி மட்டும் கூரையில் தொங்கிக்கொண்டு, கீழ்ப்பாதி திப்பியில் நின்ற அந்தத் தூண் வளைவில் ஒரு நூல் அசைந்தால் போதும், கதவின் நாக்கு கழன்றுவிடும். பூட்டு நன்றாக இருந்ததற்கும், மாணிக்கம் இழுத்துப் பார்த்ததற்கும், கதவு திறந்ததற்கும் காரணம் அங்கே என் கையில் பிசுபிசுத்துக்கொண்டிருந்தது.

எனக்கு வந்த கோபத்தை இப்போது எழுதும்போதும் உணர்கிறேன். சோம்பேறி செய்த வேலையைப் பார்த்தால் சலிப்புத்தான் வரும். இது அப்படிப்பட்டதல்ல. லப்பத்தின் விளிம்பு தூணின் வளைவோடு மயிரிழை பிசகாமல் போயிருந்தது. டின்னின் ஓரத்தை உள்ளே மடித்து, மடிப்பு தெரியாமல் தட்டியிருந்தான். அந்த வேலையைச் செய்தவனுக்குத் தூண் என்றால் என்னவென்று தெரியும். அந்தக் கதவோரம் யாராவது உட்காருவார்கள் என்பதும் தெரியும். தெரிந்தும், தன் கைத்திறமை முழுவதையும் அதை மறைப்பதில் செலவழித்திருக்கிறான். பாதித் திறமையை வெட்டி ஒட்டுவதில் காட்டியிருந்தால் தூண் நின்றிருக்கும். நான் வாய்க்கு வந்தபடி கத்தினேன். பங்குச் சாமியாரின் அலமாரியில் கற்ற சொற்கள் அல்ல அவை.

"கத்தாதீங்க சூசை," என்றார் அர்த்தநாரி.

'ங்க' வந்ததும் நான் அடங்கிவிட்டேன். அவருடைய கோபம் என்னுடையதைவிடப் பெரிது என்று தெரிந்தது.

"இதை இப்படியே வச்சிரு. அவரு வரட்டும். அந்தப் பக்கமும் கை நின்னுது, வட்டந்தான் போடல. அந்தப் பக்கத் தூணத் தொடாத."

பண்ணையக்காரர் மறுநாள் வந்தார். அர்த்தநாரி அவரை நேராகத் திறந்து கிடந்த பக்கத்துக்குக் கூட்டிப் போகவில்லை. உச்சி வேளை வரும்வரை மோர் கொடுத்து உட்காரவைத்தார். பிறகு காரின் மறுபக்கத்துக்கு அழைத்துக்கொண்டு போனார்.

"கையத் திருப்பி வச்சுப் பாருங்க. மெதுவா. சுடும்ங்க."

"என்னத்துக்குங்க?"

"வச்சுப் பாருங்க சாமி."

பண்ணையக்காரர் கதவில் கை வைத்து உடனே எடுத்தார். தூணின் மேலே வைத்து எடுத்தார். தூணின் கீழே வைத்தார். எடுக்கவில்லை. வைத்த கையைப் பார்த்துக்கொண்டே நின்றார். அவர் விவசாயி, எது எவ்வளவு சுட வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லத் தேவையில்லை.

"அந்தப் பக்கம் வாங்க," என்றார் ஃபோர்மேன்.

திறந்து கிடந்த தூணையும், செய்தித்தாளில் பரப்பி வைத்திருந்த திப்பியையும் சாக்கையும் அவர் பார்த்தார். நான் ஒரு பிரசங்கம் தயார் செய்து வைத்திருந்தேன். அதற்கு அவசியம் ஏற்படவில்லை. அவரே பேசினார்.

"பெயிண்ட்டுக்கு உட்டப்பவே அந்த ஆளு சொன்னானுங்க. தூணு ரெண்டும் இத்துப்போச்சு, வெட்டிச் செய்யோணும், நாளாகும்னு. நாந்தான் முகூர்த்தத்துக்குள்ள வேணும், எப்படியோ மூடித் தாட்டி உடுன்னு சொன்னேன். பொண்ணு ஊட்டுக்காரங்க பாக்கறதுக்கு நல்லா இருந்தாப் போதும்னு."

ஒரு மனிதர் தன் அக்காளின் தொடை எலும்பைத் தானே விலை பேசியிருக்கிறார் என்று தெரிந்துகொள்வதைப் பக்கத்தில் நின்று பார்ப்பது நல்ல காட்சி அல்ல. இருந்தும் எனக்கு இரக்கம் வரவில்லை. அவன் மூடினான், இவர் மூடச் சொன்னார், எங்கள் முதலாளி மறுபடியும் மூடச் சொன்னார். மூன்று பேருமே நல்ல மனிதர்கள். அதற்குப் பலி ஒரு டிரைவர். அவன் அப்போதும் காரின் பின்னால் நின்று தன் துண்டை முறுக்கிக்கொண்டிருந்தான்.

பண்ணையக்காரர் சட்டைப் பையிலிருந்து லைசென்ஸை எடுத்தார். மாணிக்கத்திடம் கொடுக்க அவருக்குக் கூச்சமாக இருந்திருக்க வேண்டும். திறந்திருந்த ஜன்னல் வழியாக டிரைவர் சீட்டில் வைத்தார்.

"எடுத்துக்கடா."

மன்னிப்பு என்ற சொல் அந்தப் பக்கத்து அகராதியில் அவ்வளவுதான். மாணிக்கம் எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். அதைப் பார்த்து எனக்கு இன்னும் கோபம் வந்தது.

"இப்ப என்ன பண்ணலாமுங்க?" என்று கேட்டார் பண்ணையக்காரர்.

"ரெண்டு தூணையும் வெட்டோணும்ங்க. அடிப்பட்டைய வெட்டோணும். கதவக் கழட்டோணும். பெயிண்ட்டு முழுக்கப் போயிருமுங்க."

அவர் கொஞ்ச நேரம் அந்தக் கரும்பச்சையைப் பார்த்தார். "கீறுங்க," என்றார்.

அந்த வேலையைப் பற்றி ஒரு பத்தி எழுத எனக்கு உரிமை உண்டு. முதலில் கூரை இறங்காமல் இருக்க உள்ளே கட்டைகள் கொடுத்தோம். ஒரு பக்கத்தை முடித்த பிறகே மறுபக்கம். இற்றதை மட்டுமல்ல, நல்ல தகடு சுத்தமாக மின்னும் இடம்வரை வெட்டினோம். புதுத் தகட்டில் தூணின் வடிவத்தை அட்டையில் வெட்டிப் பார்த்து, பிறகு மரக்கட்டைமேல் வைத்துத் தட்டித் தட்டி வளைத்தோம். வெல்டிங்கில் தகடு சூட்டில் முறுக்கிக்கொள்ளும். ஆகவே இங்கே ஒரு பொட்டு, எதிர்ப்பக்கம் ஒரு பொட்டு, ஆறவிட்டு மறுபடியும் ஒரு பொட்டு. தண்ணீர் வெளியேற அடியில் துளை விட்டோம். உள்பக்கம் துருவுக்கான செம்பூச்சு. யாரும் எந்தக் காலத்திலும் பார்க்கப் போகாத இடம் அது. அங்கேதான் அர்த்தநாரி டார்ச் அடித்துப் பார்த்தார். கடைசியில் கதவைச் சாத்தித் தோளால் இடித்தார். கார் முழுவதும் ஆடிற்று. தூண் தனியாக ஆடவில்லை. என்னைப் பார்த்து, "போடா, டீ குடிச்சுட்டு வா," என்றார். அவர் எனக்குக் கொடுத்த பட்டம் அது ஒன்றுதான்.

காரை ஒப்படைக்க மாணிக்கத்தோடு நானும் நாமகிரிப்பேட்டைக்குப் போனேன். பெயிண்ட் இப்போது சாதாரணக் கறுப்பு. சொல்லிக்கொள்ளும்படி ஒன்றும் இல்லை. வாசல் களத்தில் மஞ்சள் குவிந்து கிடந்தது. பாவாயம்மா வைத்தியர் வீட்டிலிருந்து திரும்பி வந்திருந்தார். கட்டிய காலை நீட்டி முக்காலியில் வைத்துக்கொண்டு, மடியில் முறத்தை வைத்து மஞ்சளில் விரலி வேறு கிழங்கு வேறாகப் பிரித்துக்கொண்டிருந்தார். பண்ணையக்காரரும் வீட்டு ஆட்களும் காரைச் சுற்றி நின்றார்கள்.

அப்படி ஒரு சபை கிடைத்தால் நான் விடுகிறவன் அல்ல. தயார் செய்து வைத்திருந்த பிரசங்கம் வேறு வீணாகக் கிடந்தது. தூண் எப்படி இற்றது, வளைவில் எப்படி அசைந்தது, நாக்கு எப்படிக் கழன்றது, கதவு எப்படித் தானாகத் திறந்தது என்று கையை ஆட்டி விளக்கினேன். மூடியவனையும் மூடச் சொன்னவர்களையும் பெயர் சொல்லாமல் காய்ச்சினேன். மாணிக்கம் குற்றமற்றவன் என்று நெஞ்சில் கை வைத்து முடித்தேன். பண்ணையக்காரர் தலையைக் குனிந்துகொண்டார்.

பாவாயம்மா கைவேலையை நிறுத்தாமல் முழுவதையும் கேட்டார்.

"தானாத் தொறந்துச்சுன்னு ஆருங்க சாமி சொன்னது?" என்றார். "நாந்தான் தொறந்தேன்."

பண்ணையக்காரர் குனிந்திருந்த தலையை நிமிர்த்தினார்.

"ஏறி உக்காந்ததுலிருந்து எறும்புங்க. அந்தக் கதவுச் சந்துலிருந்து சாரை சாரையா வந்து சீலைக்குள்ளாற பூந்துபோட்டுது. ஆம்பளைங்க இருக்கற வண்டியில என்னன்னு சொல்றது? செத்த நேரம் கதவத் தொறந்து சீலைய ஒதறிக்கலாம்னு பிடியத் திருகுனேன். அப்பறம் நான் ரோட்டுல கெடக்கறேன்."

"அக்கா, இத ஏன் அப்பவே சொல்லல?" என்று கேட்டார் பண்ணையக்காரர்.

"ஆரு கேட்டீங்க? ஆளாளுக்குக் கதவப் பத்தியே பேசிக்கிட்டு இருந்தீங்க. அப்பறம் என்னைத் தூக்கிக்கிட்டுப் போயி வைத்தியன் ஊட்டுல போட்டாச்சு."

வெல்லப்பாகின் இனிப்பு நாக்கில் மறுபடியும் தட்டியது. அந்த அம்மாள் ஒரு விரலி மஞ்சளை ஒடித்துப் பார்த்து முறத்தின் மறுபக்கம் போட்டார். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்துக் கேட்டார்:

"தூணு கெடக்குட்டும்ங்க சாமி. இனிமே எறும்பு வாராதுங்கல்ல?"